சந்தனம் வைத்த அரிவாள்

பிணத்தைக் குளிப்பாட்ட எடுத்த நீர்மாலைக் குடங்களோடு பெண்கள் வாசலேறியபோது சொர்ணவல்லி எழுந்து வந்து நிலைப்படியில் குறுக்கே நின்றாள். இரண்டு பக்கத்து நிலைக்கால்களையும் இரண்டு கைகளால் பிடித்துக்கொண்டாள். இடது கை விரல்கள் அங்கிருந்த பழைய வெட்டில் போய்ப் பதிந்தன. முன்னால் வந்த கண்ணாத்தாள் சட்டென்று நின்றதில் தலைக்குடம் குலுங்கித் தண்ணீர் அவள் தோளில் வழிந்தது. சங்கு ஊதியவர் பாதி மூச்சில் நிறுத்திவிட்டார்.

“தண்ணி ஊத்தக் கூடாது” என்றாள் சொர்ணவல்லி.

“என்ன மதினி சொல்றீக?”

“மேலு கழுவக் கூடாது. காலையில ஏட்டு சொல்லிட்டுப் போனாருல்ல? எஸ்.ஐ. வந்து பாக்கட்டும். அப்பறம் ஊத்துங்க.”

கண்ணாத்தாள் இறந்துபோனவரின் தங்கை. சேதி கேட்டதும் சிங்கம்புணரியிலிருந்து பஸ் பிடித்து அலறிக்கொண்டு வந்தவள். அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

“மணி பன்னெண்டாகப் போகுது. பங்குனி வெயிலு. எங்கண்ணன் குளிக்காம ஒருவாய் காப்பி குடிச்சிருப்பாகளா? வாயில ரத்தத்தோட இப்பிடிப் போட்டு வச்சிருக்கீகளே. எடுத்த தண்ணிய இறக்கி வைக்கக் கூடாதுன்னு தெரியாதா ஒங்களுக்கு?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

சொர்ணவல்லி நிலையை விடவில்லை. தெருவில் பாடைக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்த ஆண்கள் கயிற்றைப் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தார்கள். அவளுடைய அண்ணன் முத்தையா எழுந்து வந்தார்.

“வல்லி, கையை எடு ஆத்தா. பொம்பளைக சொமையோட நிக்குறாக.”

“எடுக்க மாட்டேன் அண்ணே.”

கண்ணாத்தாளுக்குக் கண் சிவந்தது. “அன்னைக்குக் கழுவக் கூடாததைக் கழுவுனீக. இன்னைக்குக் கழுவ வேண்டியதைக் கழுவக் கூடாதுங்கிறீக. ஒங்களுக்கு எப்பத்தான் மதினி புத்தி நேராகும்?”

கொத்தமங்கலம் ஆசாரிமார் தெருவில் ஏழு வருஷமாக யாரும் அவள் முகத்துக்கு நேரே சொல்லாதது அது. அவளுடைய முதுகுக்குப் பின்னால் கிணற்றடியிலும் ரேஷன் கடையிலும் சொல்லித் தேய்ந்துபோனது. சொன்ன பிறகு கண்ணாத்தாளே பயந்துவிட்டாள். 

“வைக்கோல் பரப்பி அதுமேல இறக்குங்க” என்றார் முத்தையா யாரையும் பார்க்காமல். “நிழலா இருக்கட்டும்.”

சொர்ணவல்லி உள்ளே போய் உட்கார்ந்தாள்.

அவள் புருஷன் குருநாதன் ஆசாரியை அவர் செய்த பெஞ்சின் மேலேயே கிடத்தியிருந்தார்கள். வாய்க்கட்டு மட்டும்தான் போட்டிருந்தது. கைக்கட்டும் கால்கட்டும் போட அவள் விடவில்லை. தொடாதே என்றால் தொடாதே. உதட்டின் ஓரத்தில் ரத்தம் காய்ந்து வெற்றிலைக் காவிபோல் கறுத்திருந்தது. காலைச் சாம்பிராணி அணைந்துவிட்டது. தலைமாட்டில் மகள் காமாட்சி உட்கார்ந்து, பனை விசிறியால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். பதினொரு வயது. அழவில்லை. ஓட்டிய ஈ எங்கே போய் உட்காருகிறது என்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொர்ணவல்லியின் மடியில் ஒரு மஞ்சள் பை இருந்தது. அதற்குள் அவருடைய சட்டை. முந்தாநாள் சாயங்காலம் காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியபோது போட்டிருந்தது. காலரிலும் முன்பக்கத்திலும் ரத்தம். “மர அடுக்கு மேலருந்து விழுந்துட்டேன்” என்றார். கழற்றி வாங்கியதும் அவள் கை தானாகவே வாளியில் தண்ணீர் இறைத்துவிட்டது. சட்டையின் ஒரு நுனி தண்ணீரில் படுமுன் நின்றாள். வாளிக்கு மேல் அந்தச் சட்டையைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. பிறகு அப்படியே சுருட்டிப் பைக்குள் வைத்தாள். அவர் அதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். 

மறுநாள் மத்தியானம் ரத்தமாக வாந்தி எடுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றதற்கு, “நாளைக்குப் போவோம்” என்றார். சாயங்காலம், காரைக்குடியில் மரம் அறுத்து விற்கும் மரவாடியில் அவரோடு வேலை பார்க்கும் தண்டாயுதபாணி வந்தான். அவரைப் பார்த்துவிட்டு, வெளியே வந்து, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றபடி அவளிடம் சொன்னான்.

“விழுகலக்கா. மொதலாளி மருமகன் சத்தியமூர்த்திதான். தேக்கு உத்தரம் ஒண்ணு, ரெண்டு இஞ்சு கொறச்சலா அறுபட்டுப்போச்சு. அவரே சீட்டுல அளவைத் தப்பா எழுதிக் குடுத்துட்டு அண்ணனைப் பிடிச்சுக்கிட்டாரு. கன்னத்துல ரெண்டு. அப்பறம் விலாவுல மிதிச்சாரு. விழுந்தவுகளை எந்திரிக்கச் சொல்லித் திருப்பி மிதிச்சாரு.”

“இவுக என்ன செஞ்சாக?”

தண்டாயுதபாணி சைக்கிள் மணியைத் தடவினான். “ஒண்ணும் செய்யலக்கா. கையைப் பின்னால கட்டிக்கிட்டாக. ஒரு கையால மறுகை மணிக்கட்டை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாக. மூஞ்சியில அடி விழுகையில யாராயிருந்தாலும் கை தானா வரும்ல? வரலை. பிடிச்ச பிடிய விடலை.”

அவன் போன பிறகு அவள் அவரருகில் வந்து உட்கார்ந்தாள்.

“ஒரு கையத் தூக்கித் தடுக்கக் கூடாதா?”

அவர் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அவள் எழுந்தபோது சொன்னார்.

“தூக்குன கை எங்க போயி நிக்கும்னு தெரியாதே வல்லி.”

அதற்குப் பிறகு தண்ணீர் கேட்டதுதான். விடிந்து பால்காரர் வந்தபோது சொர்ணவல்லி செம்பை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். திரும்பி வந்தபோது முடிந்திருந்தது.

எல்லோரும் வெளியே ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். சொர்ணவல்லி நிலையில் இருந்த வெட்டைப் பார்த்தாள். மார்பளவு உயரத்தில், விரல் நுழையும் ஆழத்தில், சாய்வாக இறங்கியது. ஆசாரிக்கு அதை அடைக்க எவ்வளவு நேரமாகும்? ஒரு சில்லும் கொஞ்சம் அரக்கும் போதும். ஜெயிலிலிருந்து வந்து இரண்டு வருஷமாகியும் அவர் அதைத் தொடவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஏழு வருஷத்துக்கு முன்னால், அன்று ஆயுத பூஜை. காலையிலிருந்தே அவள் கிணற்றடியில் உட்கார்ந்து சாமான்களைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். உளிகள், மரம் செதுக்கும் வாச்சிகள், ரம்பம், இழைப்புளி, வீட்டு அரிவாள்மனை, விறகு வெட்டும் அரிவாள். ஒவ்வொன்றாகக் கழுவித் துடைத்து அவள் கொடுக்க, பட்டறையில் பலகை போட்டு அவர் வரிசையாக வைத்துச் சந்தனம் தொட்டுக்கொண்டிருந்தார். ஈரச் சாமான்களும் சந்தனக் கிண்ணமும் பொரியும் கடலையும் உள்ளே மணந்துகொண்டிருந்தன. கூடத்தில் நாலு வயதுக் காமாட்சி தூங்கிக்கொண்டிருந்தாள்.

கோட்டைச்சாமி வந்தபோது மணி இரண்டிருக்கும். பூட்டிக் கிடந்த ஒரு செட்டியார் வீட்டுக்குக் காவல்காரனாக இருந்தவன். மாடியில் செதுக்குவேலைக் கதவுகள் இரண்டு காணாமல் போயிருந்தன. மதராசிலிருந்து வந்த வீட்டுக்கார ஆச்சி, புதுக்கதவு போடக் கூப்பிட்ட குருநாதனிடம் நிலையைக் காட்டி, இது உடைத்து எடுத்ததா என்று கேட்டார்கள். அவர் தடவிப் பார்த்தார். “உடைக்கலை ஆச்சி. பூட்டைத் தெறந்து, நிதானமா கீலைக் கழட்டி எடுத்துருக்கு” என்றார். பார்த்ததைச் சொன்னார். யார் என்று சொல்லவில்லை. சாவி காவல்காரன் ஒருவனிடம்தான் இருந்தது.

“ஆசாரி” என்று வாசலில் நின்று கூப்பிட்டான் கோட்டைச்சாமி. “எந்தக் கையால நிலையத் தடவிப் பாத்துச் சொன்ன? அந்தக் கையக் காட்டு.”

அவன் கையில் அரிவாள் இருந்தது. குருநாதன் எழுந்து வந்தார். சந்தனம் வைத்துக்கொண்டிருந்த வாச்சி கையிலேயே இருந்தது. முதல் வீச்சுக்கு அவர் குனிந்துவிட்டார். அரிவாள் நிலையில் இறங்கி மாட்டிக்கொண்டது. கோட்டைச்சாமி காலை நிலையில் ஊன்றி அதைப் பிடுங்கினான். பிடுங்கி இரண்டாவது முறை ஓங்கியபோது வாச்சி அவன் கழுத்தடியில் இறங்கியது. ஒரே வீச்சு. கிணற்றடியிலிருந்து ஓடிவந்த சொர்ணவல்லி பார்த்தது அதைத்தான்.

தெருவே கூடிவிட்டது. வண்டி கட்டி அவனைத் தூக்கிப் போட்டார்கள். போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. குருநாதன் வாச்சியைக் கீழே வைத்துவிட்டு, கிராம முன்சீப்பிடம் சொல்ல நேராக நடந்து போனார். ஓடவில்லை, ஒளியவில்லை. வீட்டில் அவள் மட்டும் இருந்தாள். குழந்தை எழுந்து அழுதது. கூடத்து வாசலில் ஒரு வாச்சியும் ஒரு அரிவாளும் கிடந்தன.

அவள் என்ன நினைத்தாள் என்று பிற்பாடு எத்தனையோ பேர் கேட்டார்கள். அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டாள். எதுவும் நினைக்கவில்லை. காலையிலிருந்து இரும்பைக் கழுவிக்கொண்டிருந்த கை அது. பூஜைக்கு வைத்த சாமான் ரத்தத்தோடு கிடக்கக் கூடாது என்பது அவள் யோசித்துத் தெரிந்துகொண்டதல்ல. வாச்சியை எடுத்துக் கழுவினாள். அரிவாளையும் எடுத்துக் கழுவினாள். அதில் ரத்தம்கூட இல்லை, நிலையின் மரத்தூள் மட்டும் ஒட்டியிருந்தது. துடைத்தாள். பட்டறைக்குள் கொண்டுபோய் வரிசையில் வைத்து, இரண்டுக்கும் சந்தனம் தொட்டு, குங்குமம் வைத்தாள். அன்றைக்கு வீட்டில் இருக்கிற இரும்புக்கெல்லாம் வைக்க வேண்டும். பிறகு குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

போலீஸ் வந்து பட்டறையில் இருந்ததையெல்லாம் சாக்கில் போட்டுக்கொண்டு போனது.

வக்கீல் ஞானசேகர் நல்ல மனிதர். மதுரையில் அவர் வீட்டு மாடிக்குப் போனபோது முத்தையாவையும் அவளையும் உட்காரச் சொல்லிப் பொறுமையாகப் பேசினார்.

“வெட்ட வர்றவனை வெட்டுறதுக்குச் சட்டத்துல எடம் இருக்கும்மா. பயப்படாதீங்க. ஆனா அவன் வெட்டத்தான் வந்தான்னு காட்டணும். வேற வழி இல்லாம இருந்துச்சுன்னு காட்டணும். எவ்வளவு வேணுமோ அவ்வளவுதான் அடிச்சாருன்னு காட்டணும். அந்தாளு கொண்டு வந்த அரிவா எங்கே?”

“போலீசு எடுத்துக்கிட்டுப் போயிருச்சுங்க. வரிசையில இருந்துச்சு.”

“எந்த வரிசையில?”

அவள் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார். அதைத் துடைக்கவும் இல்லை, திரும்பப் போடவும் இல்லை. “ஒரே வரிசையில ரெண்டு அரிவாளா?” என்று கேட்டார்.

கோர்ட்டிலும் அதைத்தான் கேட்டார்கள். சர்க்கார் வக்கீல் கூச்சல் போடவில்லை. சிரித்த முகத்தோடு கேட்டார்.

“ஆயுதங்களைக் கழுவினது யாரம்மா?”

“நாந்தான்.”

“பொட்டு வச்சது?”

“நாந்தான்.”

“இந்த அரிவாள் ஒங்க வீட்டோடது.”

“இல்ல சாமி. அவன் கொண்டாந்தது.”

“ஒங்க புருஷனை வெட்ட வந்தவனோட அரிவாளுக்கு நீங்க சந்தனம் வச்சீங்க?”

“அன்னைக்கு எல்லா இரும்புக்கும் வைக்கணும் சாமி.”

கோர்ட்டில் சிரித்தார்கள். நிலையில் இருக்கும் வெட்டைப் பற்றி ஞானசேகர் சொன்னபோது, ஆசாரி வீட்டு மரத்தில் வெட்டு இருப்பதில் என்ன அதிசயம் என்று கேட்டு சர்க்கார் வக்கீல் இன்னொரு தரம் சிரிக்க வைத்தார். கொல்லைக் கதவு திறந்திருந்ததே, ஏன் ஓடவில்லை என்று குருநாதனைக் கேட்டார்கள். “கூடத்துல பிள்ள தூங்குச்சு” என்றார். பிள்ளையை வெட்டவா கோட்டைச்சாமி வந்தார் என்றார்கள்.  கோட்டைச்சாமி வெறுங்கையோடு நியாயம் கேட்க வந்தான் என்று தீர்ப்பாயிற்று. குற்றமற்றவர்கள் ஆயுதத்தைக் கழுவி ஒளிக்க மாட்டார்கள் என்று ஜட்ஜு எழுதியிருந்தார். ஒளிக்கவா வைத்தாள்? சந்தனம் தொட்டு வரிசையில் அல்லவா வைத்தாள்? ஏழு வருஷம் ஜெயில்.

ஜெயில் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று ஒருநாள் அவரே அந்தப் பேச்சை எடுத்தார். “நீ கழுவுனது சரிதான் வல்லி. ரத்தத்தோட எப்பிடி வைக்கிறது?” அவள் அழுததும் அவசரமாக வேறு பேசினார். “அதில்ல. அரிவா நிலையில மாட்டிக்கிட்டு நின்னுச்சுல்ல. அவன் பிடுங்குற வரைக்கும் ஒரு மூணு எண்ணலாம். அந்த மூணுக்குள்ள பிள்ளயத் தூக்கிக்கிட்டு ஓடியிருக்கலாம். பாத்துக்கிட்டே நின்னேன். எதுக்கு நின்னேன்? அதான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.”

ஐந்து வருஷம் யோசித்தார். நன்னடத்தைக்குக் கழிவு கொடுத்து வெளியே விட்டபோது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் வந்தார். ஜெயிலில் வார்டர் முன்னால் அப்படி நிற்க வேண்டுமாம். வீட்டிலும் அது போகவில்லை. பஸ்ஸில் யாராவது சத்தமாகப் பேசினால், தெருவில் இரண்டு பேர் தள்ளிக்கொண்டால், காமாட்சி தட்டைக் கைதவறிக் கீழே போட்டால்கூட, கைகள் பின்னால் போய்விடும். வாச்சியை மரவாடியிலேயே வைத்துவிட்டு வருவார். வீட்டில் தேங்காய் உடைக்கக்கூட அவளிடம்தான் கொடுப்பார். ஆயுத பூஜைக்கு இரண்டு வருஷமும் அவர்கள் வீட்டில் எதையும் கழுவவில்லை.

மூன்று மணிக்கு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. எஸ்.ஐ. இளைஞர். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்தார். காலையில் வந்த ஏட்டு பின்னால் நின்றார். தெருப் பெரியவர்கள் ஐந்து பேரை உட்காரவைத்து விசாரணை எழுதத் தொடங்கினார்கள்.

“யாரும்மா புகார் சொன்னது?”

“நாந்தான் சார். அடிச்சுக் கொன்னுட்டாக. விலாவுல மிதிச்சு.”

“நீ பாத்தியா?”

“தண்டாயுதபாணி பாத்துச்சு சார். இந்தா நிக்குது.”

கூட்டத்தில் நின்ற தண்டாயுதபாணியை ஏட்டு முன்னால் தள்ளினார். அவன் புதுச்சட்டை போட்டிருந்தான். மரவாடிக்காரர்கள் மாலை ஒன்று கொடுத்தனுப்பியிருந்தார்கள், அதைக் கொண்டுவந்தவன் அவன்தான்.

“என்னப்பா பாத்த?”

“நான் அங்குட்டுப் பலகை அடுக்கிக்கிட்டு இருந்தேன் சார். சத்தங்கேட்டுத் திரும்பினேன். அண்ணன் மர அடுக்குக்குக் கீழ கெடந்தாக.”

“யாரும் அடிச்சதைப் பாத்தியா?”

“இல்ல சார்.”

சொல்லும்போது அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தான். சொர்ணவல்லி அந்தக் கைகளையே பார்த்தாள். அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. அவனுக்கு இரண்டு பிள்ளைகள், கைக்குழந்தை ஒன்று. நாளைக்கு மரவாடிக்குப் போகவேண்டியவன்.

எஸ்.ஐ. பெஞ்சருகில் போய்க் குனிந்தார். விலாவில் இருந்த கன்றிப்போன இடத்தைப் பார்த்தார். பிறகு குருநாதனின் வலது கையைத் தூக்கப் பார்த்தார். விறைத்திருந்தது. விரல்களையும் முழங்கையையும் புறங்கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இடது கையையும் அப்படியே.

“இங்க பாரும்மா. ஒருத்தன் அடிக்க வந்தா எவனும் கையைத் தூக்கித் தடுப்பான். முழங்கையில, விரல்ல, எங்கயாவது ஒரு கீறல் இருக்கணும். ஒரு வீக்கம் இருக்கணும். இவரு கை ரெண்டும் சுத்தமா இருக்கே.”

“அவுக கையத் தூக்கலை சார்.”

“ஏன் தூக்கலை?”

சொர்ணவல்லி வாயைத் திறந்தாள். எங்கேயிருந்து சொல்வது? கிணற்றடியிலிருந்தா, கோர்ட்டிலிருந்தா, அந்த மூன்று எண்ணும் நேரத்திலிருந்தா? பெரியவர்கள் ஐந்து பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அவுகளுக்கு அது பழக்கம் சார்.”

“அடி வாங்குறதா?”

ஏட்டு குனிந்து அவர் காதில் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் கேட்டது. “பழைய முந்நூத்தி நாலு கேசு சார். வாச்சியால ஒருத்தனைப் போட்டுட்டு உள்ள இருந்துட்டு வந்த ஆளு.”

எஸ்.ஐ. நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அதுவரை இருந்த கொஞ்சநஞ்ச இரக்கமும் அந்தப் பார்வையில் குழம்பிப்போயிற்று.

“வெட்டிட்டு வந்த மனுஷன், மிதிச்சா சும்மா நின்னான்னு சொல்றியா? யாரும்மா நம்புவாங்க?”

அவள் மடியிலிருந்த பையை நீட்டினாள். “சட்டை சார். அன்னைக்குப் போட்டிருந்தது. கழுவலை சார். தண்ணி படலை.”

அவர் வாங்கித் திறந்து பார்த்தார். நெடி வந்தது. மூடித் திருப்பிக் கொடுத்தார். “விழுந்தாலும் ரத்தம் வரும்மா” என்றார். குரல் தணிந்திருந்தது. “நீ எழுதிக் குடுத்தா நான் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புறேன். அறுப்பாங்க. நாளைக்குத்தான் கிடைக்கும். ஆனா உள்ள அடிபட்டிருக்குன்னுதான் டாக்டர் சொல்லுவாரு. யாரு மிதிச்சாங்கன்னு சொல்ல மாட்டாரு. அதுக்கு சாட்சி வேணும். இருக்கா?”

அறுப்பாங்க என்றதும் வாசலில் கண்ணாத்தாள் வாயில் அடித்துக்கொண்டு அலறினாள். “எங்கண்ணன ஆடு மாதிரி அறுக்கவா? மதினி, ஒங்க காலைத் தொட்டுக் கேக்குறேன் மதினி…”

முத்தையா சொர்ணவல்லி பக்கத்தில் வந்து குந்தினார். “விட்ரு ஆத்தா. ஒரு தடவை கோர்ட்டுப் படி ஏறுனோம். நீ கூண்டுல நின்னதை நான் பாத்துருக்கேன். திருப்பி ஏற என்னால முடியாது.”

காமாட்சி விசிறியை நிறுத்தியிருந்தாள். அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கேள்வி எதுவும் இல்லாததுதான் சொர்ணவல்லியால் தாங்க முடியாததாக இருந்தது. நாலு வயதில் இடுப்பில் உட்கார்ந்து இதையெல்லாம் ஒருமுறை பார்த்துவிட்ட பெண்.

ஏட்டு நீட்டிய காகிதத்தில், மர அடுக்கின் மேலிருந்து தவறி விழுந்து இறந்தார் என்று எழுதியிருந்தது. யார் மேலும் சந்தேகம் இல்லை என்று எழுதியிருந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியும். முழுவதும் படித்தாள். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். கோர்ட்டில் போட்ட அதே கையெழுத்து. அன்று நடந்ததைச் சொல்லிப் போட்டாள், இன்று நடக்காததற்குப் போட்டாள். இரண்டுமே அவரைக் காப்பாற்றவில்லை.

“இனிமே குளிப்பாட்டலாம்மா” என்று சொல்லிவிட்டு எஸ்.ஐ. வெளியேறினார்.

குடங்கள் உள்ளே வந்தன. நிழலில் இருந்தும் தண்ணீர் வெதுவெதுப்பாகியிருந்தது. கண்ணாத்தாள் சீயக்காயைக் கரைத்தாள்.  சொர்ணவல்லி முதலில் உதட்டோரத்தைக் கழுவினாள். பிறகு கைகளை எடுத்துக்கொண்டாள். விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். நகக்கண்ணில் தேக்குத்தூள் இருந்தது, எவ்வளவு தேய்த்தும் வரவில்லை. கையில் ஒரு கீறல் உண்டா என்று அவளும் தேடினாள். முழங்கையிலிருந்து விரல்நுனி வரை தேடினாள். இடது மணிக்கட்டில் மட்டும் நாலு விரல் பதிந்த தடம் நீலமாக இருந்தது. அவருடைய விரல்தான். தன் விரல்களை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். எஸ்.ஐ. அதைப் பார்த்திருப்பார். பார்த்தாலும் அது யார் மேல் சாட்சி சொல்லும்?

“கைக்கட்டுக்குத் துணி குடுங்க” என்றார் சாவுச் சடங்கு செய்யும் குடிமகன் வைரவன்.

கைகள் விறைத்து விலாவோடு ஒட்டிக் கிடந்தன. வைரவன் எண்ணெய் தடவி, தோளை நீவி, முழங்கையை மடக்கி மெல்ல மெல்ல முன்னால் கொண்டுவந்தார். வராமல் அடம்பிடித்தன. “வாங்க ஆசாரி, வாங்க” என்று அவர் காதோரமாகக் கெஞ்சுவதுபோல் சொல்லிக்கொண்டே இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டினார். ஒரு முடிச்சு போதும். அவர் இரண்டு போட்டார்.

வெயில் சாய்வதற்குள் எடுத்துவிட்டார்கள். பாடை நிலையைத் தாண்டும்போது சாய்ந்து, மூங்கில் முனை அந்தப் பழைய வெட்டில் இடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றது. “இங்குட்டுத் திருப்பு, இங்குட்டு” என்றது ஒரு குரல். திருப்பினார்கள். சங்குச் சத்தம் தெருவைத் தாண்டி, ஊருணிக் கரையைத் தாண்டி மெலிந்து போயிற்று.

வீட்டைக் கழுவிவிடப் பெண்கள் வாளிகளோடு உள்ளே போனார்கள். பெஞ்சைத் தூக்கி வெளியே போட்டார்கள். யாரோ சொர்ணவல்லியின் தோளைத் தொட்டு, எழுந்து கிணற்றடிக்கு வரச் சொன்னார்கள். “துணிமணியெல்லாம் வெளுக்கிற ஏகாலிகிட்டக் குடுத்துரணும். அந்தப் பையில என்ன?” என்று இன்னொருத்தி கேட்டாள்.  சொர்ணவல்லி நிலையோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள். பை பக்கத்தில் இருந்தது.

உள்ளேயிருந்து முதல் வாளித் தண்ணீரை வீசிவிட்டார்கள். பூவிதழ்களையும் சீயக்காய் நுரையையும் தள்ளிக்கொண்டு தண்ணீர் கூடத்தின் சரிவில் வாசலை நோக்கி வந்தது. அவளுடைய புடவையின் ஓரம் நனைந்தது. அவள் நகரவில்லை. தண்ணீர் பக்கத்தில் வந்ததும் மஞ்சள் பையை மட்டும் எடுத்து, நனையாமல், மடியில் வைத்துக்கொண்டாள்.